நெட்டி சேர்க்காத ஓட்டு

நெட்டி ஹாவ்ரிலுக் என்பவளும் நானும் பதினோரு வருஷம் எதிரெதிர் அறையில் வேலை பார்த்தோம். ஆர்ட்லி தொடக்கப் பள்ளியின் நூலகம் அவளுடைய பொறுப்பு. நான் அலுவலகத்தில் டெலிபோனையும், காய்ச்சல் வந்த பிள்ளைகளையும், பனியில் பிந்தி வரும் பஸ்களையும் கவனித்துக்கொண்டேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு நடைவழிதான். மதியச் சாப்பாடு ஒரே மேஜையில். அவளைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊருக்கு வடக்கே பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துவிட்டாள். அண்ணன் வால்ட்டர் பதினெட்டு வயதானதும் கால்கரிக்குப் போய் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்துகொண்டான். அப்பா பேசாத மனிதர். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டுவார் என்று ஒருமுறை சொன்னாள். அவரைப் பார்த்துக்கொண்டு நெட்டி அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய நாற்பத்தெட்டாவது வயதில் அவர் போனார். நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தாள். அடுத்த வருஷம் பள்ளியில் சேர்ந்தாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே, டோரீன்" என்றாள், கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை செய்து கொண்டுவருவாள். ஆறு அவளுக்கு, ஆறு எனக்கு. பள்ளியில் என்னைத் தவிர அவளை யாரும் நெட்டி என்று கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் மிஸ் ஹெச்.

எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் புத்தக விருது ஒன்று இருந்தது. புல்வெளிக் குருவி விருது என்று பெயர். செப்டம்பரில் பத்துப் புத்தகங்களின் பட்டியல் வரும். நாலாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் குளிர்காலம் பூராவும் படிப்பார்கள். மார்ச் கடைசியில் ஓட்டு, மே மாதத்தில் முடிவு. பெரியவர்கள் இதில் வாயைத் திறக்கக் கூடாது. பத்தில் ஐந்து புத்தகமாவது படித்திருந்தால்தான் ஓட்டுப் போடலாம். நெட்டி நூலகச் சுவரில் ஒரு பெரிய அட்டை ஒட்டிவைப்பாள். இடது ஓரத்தில் பிள்ளைகளின் பெயர்கள், மேலே புத்தகங்களின் பெயர்கள். ஒன்றைப் படித்து முடித்துவிட்டு வந்து சொன்னால் அந்தக் கட்டத்தில் ஒரு குருவி ஸ்டிக்கர். வருஷத்தின் மற்ற வேலையெல்லாம் அவளுக்கு இதற்கு நடுவே வந்துபோகும் வேலைதான்.

2011 செப்டம்பரில் அந்த வருஷத்துப் பட்டியல் தபாலில் வந்தது. என் அறையில் நின்றபடியே உறையைக் கிழித்துப் படித்தாள். படித்துவிட்டு, வயிற்றுவலிக்காரப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு? தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல."

நான் ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தேன். அவள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குள் டெலிபோன் அடித்தது. நான் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தப் பத்தில் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்த புத்தகம் 'கோல் காக்கும் கரடி'. ஹாக்கி விளையாடும் கரடி, பக்கத்துக்குப் பக்கம் குசு விடும். எங்களிடம் மூன்று பிரதி இருந்தும் போதவில்லை. யாரும் தேடாமல் கிடந்தது 'ஒட்டுக்கேட்டவள்' என்ற ஒல்லிப் புத்தகம். எழுதியவர் பெயர் தெக்லா மாரிஷ். பின்னட்டையில் படம் கிடையாது. 'புல்வெளிப் பிரதேசத்தில் வசிக்கிறார்' என்று மட்டும் போட்டிருந்தது.

கதை இதுதான். பதினோரு நாள் பனிப்புயல். ஒரு பண்ணை வீட்டில் பத்து வயதுப் பெண்ணும் வாயே திறக்காத அவள் அப்பாவும். அந்தக் காலத்தில் எட்டு வீட்டுக்குச் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. யார் பேசினாலும் மற்ற வீட்டார் எடுத்துக் கேட்கலாம். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லார் பேச்சையும் கேட்கிறாள். ஒருநாள் ஒரு வீட்டுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அது அவளுக்கு மட்டும்தான் உறைக்கிறது. முதல்முறையாக அவள் வாயைத் திறந்து கம்பியில் பேசியாக வேண்டும்.

இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியாது. பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து நானும் ஒரு வாரக் கடைசியில் அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"முப்பதாம் பக்கத்துலயே தூங்கிட்டேன், நெட்டி. பனி பெய்யுது, பனி பெய்யுது, பனி பெய்யுது. அதைத்தான் ஜன்னல் வழியா தினம் பாக்கறேனே."

"அப்படியா" என்று சொல்லி அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குறை சொல்வதில் பிள்ளைகள் இன்னும் தாராளம். பிராடி என்ற ஆறாம் வகுப்புப் பையன் ஒருநாள் நூலகத்தில் சத்தமாகவே சொன்னான்.

"மிஸ் ஹெச், இந்தப் புத்தகத்துல ஒண்ணுமே நடக்கல. ஃபோன் அடிக்குது. இவ எடுக்கறா. வெச்சுடறா. மறுபடி அடிக்குது."

"எந்த இடத்துல உனக்குப் போரடிச்சுது?"

"எல்லா இடத்துலயும்."

"ஒரு இடத்தைக் காட்டேன்."

அவன் புரட்டிப் பார்த்து ஒரு பக்கத்தைக் காட்டினான். நெட்டி அந்தப் பக்கத்தைக் குனிந்து படித்தாள். "சரிதான். இது நீளம்தான்" என்றாள். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சொல்வதை இத்தனை மரியாதையாகக் கேட்கிறாளே என்று.

அக்டோபர் கடைசியில் மாரிஸ்டெல் வந்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண், ஐந்தாம் வகுப்பு. அம்மா எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பா இன்னும் அங்கேயே, இலோயிலோவில் இருந்தார். அவர் வர எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் எங்கள் பிள்ளைகள் பேசும் வேகத்துக்கு அது ஓடாது. இடைவேளையில் எல்லாரும் பனியில் சறுக்கப் போனால் அவள் நூலகத்துக்கு வந்துவிடுவாள். மிகப் பெரிய கோட்டு ஒன்றைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒல்லியாக இருக்கிறது என்றுதான் 'ஒட்டுக்கேட்டவள்' புத்தகத்தை எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். நவம்பரில் எடுத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து மறுபடி தன் பெயரிலேயே எழுதிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு தடவை. ஜனவரியில் இன்னொரு தடவை, பிப்ரவரியில் இன்னொரு தடவை. நெட்டி மற்ற புத்தகங்களை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறமா, மிஸ்" என்பாள். ஒவ்வொரு தடவை படித்து முடித்ததும் ஒரு குருவி கேட்பாள். நெட்டியும் கொடுப்பாள். மற்ற பிள்ளைகளின் குருவிகள் அட்டையில் வரிசையாகப் போயின. மாரிஸ்டெலின் குருவிகள் ஒரே கட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன.

ஓட்டுப் போடும் நாளன்று வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. நூலகத்தில் மேஜையின் மேல் ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளி, மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. நான் பெயர்ப் பட்டியலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் ஓட்டுகளை நீ எண்ணு என்று நெட்டி காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஏன், உனக்கு எண்ணத் தெரியாதா?"

"கண்ணாடி மாத்தணும். சரியாத் தெரியல."

பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாரிஸ்டெல் வரிசையில் கடைசியாக வந்தாள். நெட்டி சுவர் அட்டையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"மாரிஸ்டெல், அஞ்சு புத்தகம் படிச்சிருக்கணும்மா."

"படிச்சேன், மிஸ். அஞ்சு தடவை."

"அஞ்சு தடவை இல்ல. அஞ்சு புத்தகம்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "பிராடி அஞ்சு புத்தகத்தையும் ஒவ்வொரு தடவைதான் படிச்சான். நானும் அஞ்சு தடவை படிச்சேன். ரெண்டும் அஞ்சுதானே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெட்டி சிரிக்கவில்லை.

"நீ எவ்வளவு நல்லாப் படிச்சேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுப் பாத்தாத்தான் ஓட்டு. அதுதான் விதி."

"அப்போ நான் படிச்சது சேராதா?"

"இந்த வருஷம் சேராது."

மாரிஸ்டெல் அழவில்லை. கையில் இருந்த ஓட்டுச் சீட்டை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு ஓட்டு, நெட்டி. ஊர் புதுசு, பாஷை புதுசு. வாளியில போடச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேனே."

"எப்பலேருந்து நீ இவ்வளவு கல்நெஞ்சக்காரி ஆனே?"

அவள் நாற்காலிகளை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

அன்று மதியம் நான் எண்ணினேன். மொத்தம் நாற்பத்தேழு ஓட்டு. கரடிக்கு இருபத்தொன்பது. 'ஒட்டுக்கேட்டவள்' புத்தகத்துக்கு இரண்டு. நூலகத்துக்குப் போய்ச் சொன்னேன். கோபம் ஆறாததால் ஒரு குத்தும் சேர்த்து வைத்தேன். "அந்தப் பொண்ணை விட்டிருந்தா மூணு ஆகியிருக்கும்."

"ரெண்டு பேர் போட்டாங்களா?" என்று கேட்டாள் நெட்டி.

"ரெண்டு."

"யாருன்னு தெரியாது இல்ல?"

"சீட்டுல பேர் எப்படி இருக்கும்? உன் விதிதானே?"

சாயந்திரம் கார் நிறுத்துமிடத்தில் அவள் தன் காரின் எஞ்சின் உறையாமல் இருக்கச் செருகியிருந்த மின்கம்பியைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"டோரீன். அந்தப் புத்தகம் நான் எழுதினது."

"எந்தப் புத்தகம்?"

இதுதான் நான் கேட்டது. இத்தனை வருஷ சிநேகிதி, வாழ்க்கையில் அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே பெரிய விஷயம், அதற்கு என் பதில் இது.

"தெக்லா எங்கம்மா பேரு. மாரிஷ் அவங்க பிறந்த வீட்டுப் பேரு."

முப்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனதாக நான் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. கையுறைக்குள் என் விரல்களில் உணர்ச்சியே இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பிள்ளைங்க எனக்காகப் போடுவாங்க. மிஸ் ஹெச் பாவம்னு போடுவாங்க. எனக்குப் போட வேண்டாம், டோரீன். அதுக்குப் போடணும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அதைப் படிக்க எடுத்துட்டுப் போனே. படிச்சுட்டு வந்ததும் சொல்லலாம்னு நினைச்சேன்."

"வால்ட்டருக்காவது தெரியுமா?"

"ஒரு பிரதி அனுப்பினேன். வந்து சேர்ந்துச்சுன்னு சொன்னான்."

குத்தகைக்கு விட்ட பிறகு அந்தப் பண்ணை வீட்டில் மூன்று கோடைகாலம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். கோடையில் அண்ணன் வீட்டுக்குப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு அங்கேதான் போயிருக்கிறாள். டொரான்டோவில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. புத்தகம் வந்த நாளன்று தனியாகக் கேக் வாங்கி வெட்டினாளாம். பாதியைக் குளிர்பெட்டியில் உறைய வைத்து மார்ச் வரைக்கும் சாப்பிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் புத்தகத்தை முழுவதும் படித்தேன். நன்றாக இருந்தது என்று திங்கட்கிழமை சொன்னேன். "நன்றி" என்றாள். நான் தாமதமாக வந்துவிட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மே மாதம் சாஸ்கட்டூன் நகரத்தில் விருது விழா. எங்கள் பிள்ளைகள் பதினாறு பேரை நெட்டி பஸ்ஸில் கூட்டிப்போனாள், நானும் போனேன். மாரிஸ்டெலையும் சேர்த்துக்கொண்டாள். மேடையில் வந்திருந்த எழுத்தாளர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையும் திரையில் வர, பெயர் வாசிக்கப்பட, பிள்ளைகள் கத்தினார்கள். கரடிக்குக் கூரையே அதிர்ந்தது. 'ஒட்டுக்கேட்டவள்' வந்தபோது, "தெக்லா மாரிஷ் அவர்களால் வர இயலவில்லை" என்று அறிவித்தார்கள். அங்கங்கே கொஞ்சம் கைதட்டல். ஒன்பதாவது வரிசையில் நெட்டி, பிள்ளைகளின் கோட்டுகளை மடியில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளால் கைதட்டக்கூட முடியவில்லை, கை இரண்டும் கோட்டுகளுக்கு அடியில்.

"அவங்க ஏன் வரல, மிஸ்?" என்று கேட்டாள் மாரிஸ்டெல்.

"தூரமா இருக்கும்."

முதல் மூன்று இடங்களை மட்டும்தான் சொன்னார்கள். அதில் நெட்டியின் புத்தகம் இல்லை. முழுப் பட்டியல் பிறகு பள்ளிக்கு வந்தது. பத்தில் ஆறாவது. மாகாணம் பூராவும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. நான் அந்தத் தாளை அவளிடம் கொடுத்தபோது வருத்தப்படுவாள் என்று பயந்தேன். அவள் விரலை அந்த எண்ணின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானூறு பிள்ளைங்க, டோரீன். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

விழா முடிந்து திரும்பிவரும் பஸ்ஸிலேயே மாரிஸ்டெல் ஒட்டிய உறை ஒன்றை நெட்டியிடம் நீட்டியிருந்தாள். எழுத்தாளர் வருவார் என்று நினைத்து எழுதிவைத்த கடிதம். "அவங்களுக்கு அனுப்பிவிடறீங்களா, மிஸ்?" நெட்டி மறுநாள் அதை வேறொரு உறைக்குள் வைத்து, டொரான்டோ பதிப்பக விலாசம் எழுதி, தபாலில் போட்டாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றேன். "உனக்கு வந்த கடுதாசி. பிரிச்சுப் படிக்க வேண்டியதுதானே?"

"அவ மிஸ் ஹெச் கையில குடுத்தா, அனுப்பச் சொல்லி. அனுப்பினேன்."

மூன்று வாரம் அவள் தினமும் மதியம் தபால் நிலையத்துக்குப் போய்த் தன் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். ஜூன் நடுவில் பதிப்பகம் வழியாக அந்தக் கடிதம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் என் பக்கமாகத் தள்ளினாள். பென்சிலில் எழுதிய அரைப் பக்கம். நானும் ஃபோனில் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன், அப்பா மறுமுனையில் ஹலோ ஹலோ என்பார் என்று இருந்தது. உங்கள் புத்தகத்துக்கு ஓட்டுப் போட முடியவில்லை, ஒரே புத்தகத்தைத்தான் படித்தேன், மன்னியுங்கள் என்று இருந்தது. கடைசியில், மிஸ் ஹெச்மீது கோபப்படாதீர்கள், அவர் விதிப்படிதான் செய்தார் என்று இருந்தது.

பள்ளி மூட நாலு நாள் இருக்கையில் மாரிஸ்டெல் அம்மாவுக்காக என் அறையில் காத்திருந்தாள். நெட்டி உள்ளே வந்தாள். கடிதம் கையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது எனக்கு வந்து சேர்ந்துச்சு, மாரிஸ்டெல். அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ஆனா என் ஓட்டை நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"உங்களுக்கு ஓட்டு வேண்டாமா?"

"வேணும்" என்றாள் நெட்டி. "ரொம்ப வேணும்னு இருந்துச்சு."

மாரிஸ்டெல் கோட்டு இல்லாமல் அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தாள். தன் செருப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"கடைசியில அந்தப் பொண்ணு ஃபோன்ல பேசிடறா இல்ல? அது நிஜமா நடந்துச்சா, மிஸ்?"

"இல்ல. நான் பேசல. மறுநாள் வேற யாரோ போய் அந்த வீட்டைப் பாத்தாங்க. நல்லவேளை, அங்க இருந்தவர் உயிரோட இருந்தார். நான் மணி அடிக்கறதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான்."

"பயமா இருந்துச்சா?"

"பயம்கூட இல்ல. என் குரல் எனக்கே பழக்கமில்லாம இருந்துச்சு."

"ம்" என்றாள் அந்தப் பெண், தெரிந்த ஊர்ப் பெயரைக் கேட்டவள்போல. வெளியே அவள் அம்மாவின் கார் வந்து நின்றது.

ஆகஸ்டில் அவர்கள் எட்மன்டனுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. செப்டம்பரில் பள்ளிக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. புது விலாசம் எங்கள் பதிவேட்டில் இல்லை. நெட்டி இரண்டு தடவை என்னிடம் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. புதுப் பட்டியல் வந்தது. சுவரில் புது அட்டை ஒட்டினாள்.

மூன்று வருஷம் கழித்து ஓய்வுபெற்றாள். எங்கள் பள்ளியில் நூலகத்துக்கு என்று தனியாக ஆள் போடுவதையும் அதோடு நிறுத்திவிட்டார்கள். அவளுடைய புத்தகம் இப்போது அச்சில் இல்லை. இன்னொன்று எழுதுகிறாளா என்று கேட்டேன். "மெதுவா" என்றாள். இதையெல்லாம் நான் வெளியே சொல்லலாம் என்று போன வருஷம்தான் அனுமதி கொடுத்தாள்.

புதன்கிழமைகளில் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு பக்கத்து நகரத்து நூலகத்துக்குப் போகிறாள். முதல் தடவை நானும் கூடப் போயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் உறுப்பினர் அட்டை போடப் பெயர் கேட்டாள். நெட்டி ஹாவ்ரிலுக் என்பதை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அந்தப் பெண் அட்டையை நீட்டி, "பெரியவங்க புத்தகமெல்லாம் மாடியில இருக்கு. லிஃப்ட் இருக்கு, படி ஏற வேண்டாம்" என்றாள்.

"நன்றி" என்று சொல்லிவிட்டு நெட்டி கீழ்த்தளத்திலேயே நடந்தாள். பிள்ளைகள் பகுதியில், கால் தரையைத் தொடாதவர்களுக்காகச் செய்த குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் மேலே தூக்கியிருக்க உட்கார்ந்து, அலமாரியின் முதல் வரிசையிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.